படிக்காமல் போடும் கையெழுத்து

தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் 2005இல் கட்டற்ற மென்பொருளுக்காகக் கைகோத்தன. சி-டாக்கின் 'பாஸ்' லினக்ஸ், 2011இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது.

திறந்து மாற்றும் உரிமை பாஸில்தான் இருந்தது. நான் பார்த்த பையன்களோ விண்டோஸில் வைஸ் சிட்டி போட்டு, அதிலுள்ள கார்களை மாத்திட்டு இருந்தாங்க. ஒரு கோப்பு தப்பினா விளையாட்டு படுத்துடும். நோண்டி நோண்டித்தான் எழுப்புவாங்க. உரிமம் கற்றுத்தராததை ஆசை கற்றுத்தந்தது.

இன்று கோபைலட் கேட்டதும் நிரல் தருகிறது. வசதிதான், நானும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் விளையாட்டு படுத்தால் பையனுக்கு மட்டும்தான் நஷ்டம். சம்பளக் கணக்கு நிரல் படுத்தால்? 'அதுதான் எழுதிச்சு' என்று யாரிடம் சொல்வது? புரியாத வரியை என் பெயரில் அனுப்புவது, படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான்.