ஊரார் பிள்ளைக்காகக் கேட்பதும் கொடுப்பதும்

தருமம் தலை காக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. கொடுப்பவனின் தலையைத் தருமம் காக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தருமத்தைப் பெறுகின்ற பிள்ளையின் தலை குனியாமல் காப்பது யார்? அதனைச் சேர்ப்பதற்காகப் பட்டியலோடு வருபவரின் முன்னால், கையில் காசில்லாமல் நிற்கும் ஏழை ஊழியனின் தலையைக் காப்பது யார்? பல ஆண்டுகளாக என் மனத்தில் கிடக்கும் இக்கேள்விகளை, அம்பாளின் சந்நிதியில் மலரும் இம்மலர் வழியாக அடியார்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி, பூரணை தினமாகிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை நம் கரையில் எவரும் மறந்திருக்க மாட்டார். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்துக் கிடக்கும் கரை இது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. தாயை இழந்த பிள்ளைகள், தந்தையை இழந்த பிள்ளைகள், இருவரையும் இழந்த பிள்ளைகள் என எல்லா ஊர்களிலும் இருந்தார்கள்.

அப்போது நான் வேலை பார்த்த கந்தோரில் தமிழரும் முஸ்லிம்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் இருந்தோம். பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் மனம் துடித்தது. சம்பள நாளன்று ஒரு தாளில் பெயர், தொகை, கையொப்பம் என்று மூன்று கோடுகள் போட்டு மேசை மேசையாகக் கொண்டு போனவன் நான்தான். மேலதிகாரி முதலாவதாக ஐயாயிரம் ரூபா எழுதினார். அடுத்தவர்கள் மூவாயிரம், இரண்டாயிரம் என்று எழுதினார்கள். கடைசியில் தாள் எங்கள் சிற்றூழியர் கையில் போனது. எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் அழைப்போம். கடற்கரை வீதியில் இருந்த அவருடைய வீட்டின் பாதியைக் கடல் கொண்டு போயிருந்தது. அவர் தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு ஆயிரம் என்று எழுதினார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சில வாரங்களின் பின்னர்தான் அந்த ஆயிரம் ரூபாவை அவர் ஒரு கடையில் கைமாற்றாக வாங்கிக் கொடுத்தார் என்று அறிந்தேன். அவருடைய சொந்தப் பிள்ளைகள் அந்த மாதம் சப்பாத்து இல்லாமல் பாடசாலைக்குப் போயிருக்கிறார்கள். “ஏன் காக்கா, சொல்லியிருக்கலாமே?” என்றேன். “எல்லாரும் எழுதின தாளில என்ட பேர் மட்டும் இல்லாட்டி எப்படித் தம்பி?” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது குறையாகவே பட்டது.

சேர்ந்த பணத்தில் புத்தகப் பை, கொப்பி, உடுப்பு எல்லாம் வாங்கிப் பொதி கட்டி ஒரு சிறுவர் இல்லத்துக்குக் கொண்டு போனோம். வெயிலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பொதிகளைக் கொடுத்தோம். படத்தில் எங்கள் பதாகை தெரியவில்லை என்று ஒருவர் சொல்ல, கொடுத்த பொதிகளைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தோம். ஏழு எட்டு வயதுப் பிள்ளை ஒன்று பொதியைத் திருப்பித் தராமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. இந்த ஐயாமார் தந்ததைப் பறிக்கிறார்களே என்று அது நினைத்திருக்க வேண்டும். நல்ல காரியம் செய்யப் போன நாங்கள் அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தோம்.

இதில் தவறு எங்கே நேர்ந்தது? எங்களில் எவருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. பணமும் முழுமையாகப் பிள்ளைகளுக்கே போய்ச் சேர்ந்தது. அப்படியிருந்தும் ஒரு ஏழைத் தகப்பன் கடன்பட்டான், ஒரு பிள்ளை மிரண்டது.

பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் தானத்தை மூன்றாக வகுக்கின்றார். கொடுப்பது கடமை என்ற எண்ணத்தோடு, கைம்மாறு கருதாது, தகுந்த இடத்திலும் காலத்திலும் தகுந்தவர்க்குக் கொடுப்பது சாத்விகம். பலனை எதிர்பார்த்தோ மனம் வருந்தியோ கொடுப்பது ராஜசம். தகாத இடத்திலும் காலத்திலும், பெறுபவரை மதியாமல் இகழ்ச்சியோடும் கொடுப்பது தாமசம். எங்கள் பட்டியலையும் பொதியளிப்பையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தேன். பட்டியல் வாங்கியது பெரும்பாலும் ராஜசம். பதாகைக்காகப் பொதியைத் திரும்ப வாங்கியது தாமசத்தின் பக்கம் சாய்ந்தது. கடலில் எல்லாம் இழந்த பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்று முதல் நாள் எழுந்த அந்தத் துடிப்பு மட்டுமே சாத்விகம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. மனம் வருந்திக் கொடுத்த அரிசியும் வேகும், பெருமைக்காகக் கொடுத்த பாலும் பிள்ளையின் பசியைத் தீர்க்கும். கொடுத்தவனின் உள்ளம் எப்படியிருந்தால் பிள்ளைக்கு என்ன? பட்டியலைக் காட்டினால்தான் காசு வரும் என்றால் காட்டத்தானே வேண்டும்? இதனை நான் இலகுவில் தள்ளிவிடவில்லை. அடுத்த ஆண்டு பட்டியலை விட்டுவிட்டு, பூட்டிய தகர உண்டியல் ஒன்றைச் சம்பள நாளில் மேசையில் வைத்தோம். யார் போட்டார், எவ்வளவு போட்டார் என்று எவருக்கும் தெரியாது. முதல் மாதம் சேர்ந்த தொகை பட்டியலில் வந்ததில் பாதிகூட இல்லை. குறைந்து போன அந்தக் காசும் பிள்ளைகளுக்குரியதுதானே என்று சக உத்தியோகத்தர் ஒருவர் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

பிறகு யோசித்தபோது ஒன்று விளங்கியது. வெட்கத்தால் வாங்கும் காசு எல்லோரிடமிருந்தும் ஒரே அளவாக வருவதில்லை. மேலதிகாரியின் ஐயாயிரம் அவருடைய அடுப்பைத் தொடவில்லை. காக்காவின் ஆயிரம் அவருடைய பிள்ளைகளின் காலில் இருந்து கழன்றது. அதாவது, ஒரு ஏழைப் பிள்ளைக்குக் கொடுப்பதற்காக இன்னொரு ஏழைப் பிள்ளையிடம் எடுத்திருக்கிறோம். கொடுப்பவரின் புண்ணியக் கணக்குக்கு அப்பால், இது நீதியைப் பற்றிய விடயம். வற்புறுத்தல் எப்போதும் பலவீனமானவன் மீதுதான் கூடிய பாரமாக விழுகின்றது. ஆகவே குறைந்து போன காசில் ஒரு பகுதி, முதலிலிருந்தே நாம் எடுத்திருக்கக் கூடாத காசு.

அப்படியென்றால் கட்டாயம் என்பது எல்லாமே தீதா? இல்லை. அரசாங்க உத்தியோகத்தர் எல்லோரும் அறிந்த விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத் திட்டம் 1898ஆம் ஆண்டிலேயே சட்டமாகியது. அதற்கான பணம் சம்பளத்திலேயே கழிக்கப்படுகின்றது. ஆயினும் அதில் எவருக்கும் வெட்கமில்லை. ஏனெனில் அது எல்லோர்க்கும் பொதுவான விதி. அவரவர் சம்பளத்துக்கு ஏற்ற அளவு. இறந்தவரின் பிள்ளை எவரிடமும் கையேந்தாமல் உரிமையாக அதனைப் பெறுகின்றது. விதியும் நல்லது, விருப்பமும் நல்லது. விருப்பம் என்று பெயரிட்டு உள்ளே வற்புறுத்துவதுதான் பொல்லாதது. 2020 மே மாதத்தில் அரச ஊழியர்கள் தம் சம்பளத்தை முழுமையாகவோ பகுதியாகவோ விருப்பத்தின் பேரில் வழங்கலாம் என்று ஜனாதிபதியின் செயலாளரிடமிருந்து கோரிக்கை வந்தபோது தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. மேலிருந்து வரும் வேண்டுகோளை மறுக்கும் சுதந்திரம் கீழிருப்பவனுக்கு உண்மையில் உண்டா என்ற கேள்வி, ஒரு சிறிய கந்தோரின் பட்டியலிலும் அப்படியே இருக்கின்றது.

திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமும் ஈகை என்று அடுத்த அதிகாரமும் வைத்தார். இரண்டும் ஒன்றென்றால் இரண்டு அதிகாரம் எதற்கு? ஊரோடு ஒத்து வாழ்பவன் ஊருக்குச் செய்யும் கடமை ஒப்புரவு. இல்லாதவனுக்கு மனமிரங்கிக் கொடுப்பது ஈகை. அதே பெருமான் இரவு என்று ஒன்றும் இரவச்சம் என்று ஒன்றும் வைத்தார். கேட்பதும் உண்டு, கேட்க அஞ்சுவதும் வேண்டும். தனக்காகக் கேட்பவன் வெட்கப்படுகின்றான், ஆகவே அளவோடு கேட்கின்றான். பிறர் பிள்ளைக்காகக் கேட்பவனுக்கோ அந்த வெட்கம் போய்விடுகின்றது. நல்ல காரியம்தானே என்ற துணிவில் அவன் யாரையும் எப்படியும் கேட்கலாம் என்று எண்ணத் தொடங்குகின்றான். ஆகவே பொதுக் காரியத்துக்குக் கேட்பவனுக்கே இரவச்சம் அதிகமாக வேண்டும் என்பது என் கருத்து.

படம் எடுக்கும் விடயமும் இலகுவானதல்ல. முதலாம் உலகப் போர் முடிந்தும் ஜேர்மனி, ஒஸ்திரியா நாடுகளுக்கு எதிரான முற்றுகை நீடித்த 1919ஆம் ஆண்டில், எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பட்டினியால் வாடிய ஒஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டுப் பிரசுரத்தை இலண்டன் வீதியில் விநியோகித்தார். எதிரி நாட்டுப் பிள்ளைகளுக்காகப் பேசிய அவரைக் கைது செய்து ஐந்து பவுண் அபராதம் விதித்தார்கள். அவருக்கு எதிராக வழக்காடிய அரச சட்டத்தரணியே அந்த ஐந்து பவுணைத் தம் கையிலிருந்து கொடுத்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகெங்கும் இயங்கும் சேவ் த சில்ட்ரன் அமைப்பு. அந்தப் படம் இல்லாவிட்டால் அந்த மனங்கள் இளகியிருக்குமா என்பது தெரியாது. ஆனால் அந்தப் படம் குழந்தையின் பசியைக் காட்டியது. எங்கள் படமோ எங்கள் பதாகையைக் காட்டியது. அதே அம்மையார்தான் சிறுவர்க்கு உரிமைகள் உண்டு என்ற பிரகடனத்தையும் எழுதினார். 1924 இல் சர்வதேச சங்கம் அதனை ஏற்றது. பிள்ளை நம் இரக்கத்துக்கு உரியது மட்டுமல்ல, நம் மரியாதைக்கும் உரியது என்பதே அதன் சாரம்.

எங்கே கொடுப்பது என்பதிலும் விவேகம் வேண்டும். நம் நாட்டுச் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கின்றார்கள். வறுமைதான் அவர்களை வீட்டிலிருந்து பிரித்திருக்கின்றது. ஒரு விதவைத் தாய்க்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை தாயின் மடியிலேயே வளரும். இல்லத்துக்குத்தான் கொடுப்பதென்றால், அது பதிவு செய்யப்பட்டதா, கணக்குக் காட்டுகின்றதா என்று பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் விசாரிப்பது தவறல்ல. கேட்டறிந்து கொடுப்பது சந்தேகப் புத்தியாகாது. தகுந்த இடம் என்று கீதை சொல்வது இதனைத்தான்.

எந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்கு என்ற பேச்சும் எங்கள் கந்தோரில் ஒருமுறை எழுந்தது. அன்று முடிவு சொன்னவரும் காக்காதான். “கடல் கேட்டுக்கிட்டா வந்தது?” என்றார். அதன்பின் ஒரு மாதம் ஒரு ஊர், மறுமாதம் மறு ஊர் என்று வைத்துக்கொண்டோம். காரைதீவில் 1892 இல் அவதரித்த சுவாமி விபுலானந்தர் பிறந்த மண்ணுக்கு அயலில் வாழும் நமக்கு, அறிவும் அன்னமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியவை என்று எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடியார்களே, இதனை எழுதும்போது நம் கோயிலையும் நினைத்துப் பார்க்கிறேன். மின்குமிழில் பெரிய எழுத்தில் உபயகாரர் பெயரை எழுதி அதன் வெளிச்சத்தையே மறைத்துவிடுகிறோம். இம்மலரின் கடைசிப் பக்கங்களிலும் உபயகாரர் பட்டியல் இருக்கும். அது தவறென்று நான் சொல்லவில்லை. ஈகைக்கு அடுத்த அதிகாரமாகப் புகழை வைத்தவர் வள்ளுவர். ஆனால் அந்த வரிசையைக் கவனியுங்கள். ஈகை முன்னே, புகழ் பின்னே. புகழுக்காக ஈகை என்று அவர் மாற்றி வைக்கவில்லை. பட்டியலில் பெயரில்லாத ஏழையும் வெட்கமின்றிச் சந்நிதியில் நிற்க முடிகிறவரை நம் பட்டியலால் குற்றமில்லை.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அதுதான் பிடியரிசி. ஆறுமுக நாவலர் தம் சைவப் பாடசாலைக்காக வீடுகளில் பிடியரிசி சேர்த்தார். காஞ்சிப் பெரியவரும் பிடியரிசித் திட்டத்தை ஊக்குவித்தார். தாய் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை வேறு பானையில் இடுகிறாள். பணக்கார வீட்டிலும் ஒரு பிடி, ஏழை வீட்டிலும் ஒரு பிடி. பானைகள் ஒன்று சேர்ந்தபின் எந்தப் பிடி யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. நாள்தோறும் செய்வதால் கொடுப்பவர்க்குப் பாரமில்லை, தொடர்ந்து வருவதால் பெறுபவர்க்கும் நம்பிக்கை. எங்கள் தகர உண்டியலும் அப்படித்தான் ஆகியது. பட்டியல் ஒரு முறை பெரிதாகத் தந்து ஓய்ந்தது. உண்டியல் குறைவாகத் தந்தது, ஆனால் மாதம் தவறாமல் தந்தது. காக்காவும் அதில் போட்டார். எவ்வளவு என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆகவே பணியிடத்திலோ பாடசாலையிலோ கோயிலிலோ பிள்ளைகளுக்காக நிதி சேர்க்க முன்வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கொடுத்தவர் பெயர் மறைவில் இருக்கட்டும். சேர்ந்த தொகையும் செலவும் எல்லோரும் காணும்படி சுவரில் ஒட்டப்படட்டும். மேலதிகாரி கையில் தாளைக் கொடுத்து அனுப்பாதீர்கள். இல்லை என்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். கொடுக்கப் போகும்போது பதாகையை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, அதன் பெயரைக் கேட்டு, அதன் பின்னர் கையில் கொடுங்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படித்தானே கொடுக்கிறோம்?

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊட்டி வளர்ப்பது என்றால் பக்கத்தில் இருந்து, முகம் பார்த்து, பசியறிந்து கொடுப்பது. உலகத்துப் பிள்ளைகளை எல்லாம் அவ்வாறே ஊட்டும் அன்னை, பேரும் தொகையும் கேட்காமல் நம் எல்லோருக்கும் படியளந்துகொண்டிருக்கிறாள். அவள் கருணையில் ஒரு பிடியை நம் கைகளுக்கும் தந்தருள வேண்டி அவள் பாதம் பணிகின்றேன்.