சீட்டு யார் கையிலே?



தியான பகுதி: அப்போஸ்தலர் 1:15-26, 2:1-4

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் நம்முடைய வீடுகளிலே ஒரே கேள்விதான். "கட்-ஆஃப் எவ்வளவு?" பிள்ளை சாப்பிட்டானா, தூங்கினானா என்று யாரும் கேட்கிறதில்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. அதிலே அரை மார்க் குறைந்தால் ரேங்க் எங்கேயோ போய்விடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா வாசலிலே நின்றுகொண்டு, "அண்ணா யுனிவர்சிட்டி கிடைச்சிருமா?" என்று கேட்கிறார்கள். தாய்க்கு வயிற்றிலே புளியைக் கரைக்கிறது.

1794-ல் நில அளவைப் பள்ளியாய் ஆரம்பித்து வளர்ந்ததுதான் கிண்டி பொறியியற் கல்லூரி. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உண்டானபோது அது அதனோடே சேர்ந்தது. அங்கே ஃபீஸ் குறைவு, பேர் பெரிது, இடமோ கொஞ்சம். அதனால்தான் இந்தத் தவிப்பு. ஒரு காலத்திலே நுழைவுத்தேர்வு இருந்தது. 2007-ல் அது எடுபட்டுப்போனது. 2017 வரைக்கும் தென்கோடியிலிருந்தும் ராத்திரி பஸ் ஏறி, சர்டிபிகேட் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கவுன்சிலிங்குக்குக் கிண்டிக்கே வந்தார்கள். 2018-லிருந்து எல்லாம் கம்ப்யூட்டரிலே நடக்கிறது. டாக்டருக்குப் படிக்க வேண்டுமானால் 2017 முதல் நீட். முறை மாறியது, பரீட்சை மாறியது. பயம் மட்டும் மாறவில்லை, பிரியமானவர்களே!

இந்தப் பொறியியல் கவுன்சிலிங்கிலே ஒரு காரியத்தைக் கவனித்தீர்களா? அப்ளிகேஷன் போட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் ஒரு எண்ணைக் கொடுக்கிறது. சமவாய்ப்பு எண், ரேண்டம் நம்பர் என்கிறார்கள். இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் என்றால் முதலாவது கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள். அதுவும் ஒன்றானால் இயற்பியல். இப்படியே போய், பிறந்த தேதியும் ஒன்றாயிருந்தால், கடைசியிலே அந்த எண்தான் தீர்மானிக்கும். எத்தனை ராத்திரி கண் விழித்துப் படித்தும், முடிவு ஒரு குலுக்கலிலே வந்து நிற்கலாம். நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது அல்லவா?

இப்போது வேதத்துக்கு வாருங்கள். யூதாஸ் விட்டுப்போன இடம் காலியாயிருக்கிறது. சீட்டு ஒன்றுதான், ஆள் இரண்டு பேர். ஒருவன் மத்தியா. இன்னொருவன் பர்சபா என்னும் யோசேப்பு. அவனுக்கு யுஸ்து என்றும் பேர். பேதுரு சொன்ன தகுதி இரண்டு பேருக்கும் இருந்தது. யோவான் ஸ்நானம் கொடுத்த நாள் தொடங்கி ஆண்டவர் பரமேறின நாள் வரைக்கும் இரண்டு பேரும் கூடவே இருந்தவர்கள். நம்ம பாஷையிலே சொன்னால், இரண்டு பேருக்கும் ஒரே கட்-ஆஃப்! ஜெபம் பண்ணினார்கள், சீட்டுப் போட்டார்கள், மத்தியாவின் பேருக்கு விழுந்தது.

யுஸ்துவுக்கு விழவில்லை. அவனிடத்திலே பாவம் இருந்தது என்று வேதம் சொல்லவில்லை. அவன் விசுவாசம் குறைந்தவன் என்றும் சொல்லவில்லை. அவனுக்கு விழவில்லை, அவ்வளவுதான்.

1. சீட்டு விழாதது தள்ளுதல் அல்ல.

தம்பி, தங்கச்சி, உன் கதை முதலாம் அதிகாரத்தோடு முடிந்துபோனது என்று நினைக்கிறாயா? பக்கத்தைத் திருப்பு. இரண்டாம் அதிகாரத்திலே பெந்தெகொஸ்தே நாள் வருகிறது. எல்லாரும் ஒருமனமாய்க் கூடியிருந்தார்கள். யுஸ்து கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான் என்று அங்கே எழுதப்படவில்லை. அக்கினிமயமான நாவுகள் ஒவ்வொருவர்மேலும் வந்து அமர்ந்தன. மத்தியாவின் தலைமேல் பெரிய அக்கினி, யுஸ்துவின் தலைமேல் சின்ன அக்கினி என்று உண்டா? இல்லையே! சீட்டிலே இடம் கிடைக்காதவனுக்கும் மேல்வீட்டிலே இடம் இருந்தது. அல்லேலூயா!

2. அரமனைக்குள்ளும் தேவன் உண்டு, ஆற்றங்கரையிலும் உண்டு.

பாபிலோனிலே ராஜா ஒரு அட்மிஷன் நடத்தினான். தானியேல் முதலாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அழகு வேண்டும், அறிவு வேண்டும், கல்வியிலே தேர்ச்சி வேண்டும். மூன்று வருஷப் படிப்பு, ராஜாவின் பந்தியிலிருந்து சாப்பாடு. தானியேலுக்கு அங்கே இடம் கிடைத்தது.

ஆனால் அதே தேசத்துக்குச் சிறையாய்ப் போன எசேக்கியேலோ கேபார் நதியண்டையிலே உட்கார்ந்திருந்தான். அவன் ஆசாரியன். முப்பது வயதானால் ஆலய ஊழியத்துக்குப் போகவேண்டியவன். ஆலயமோ எருசலேமிலே. எட்டாத தூரம். அவனுடைய புஸ்தகம் முப்பதாம் வருஷம் என்றுதான் ஆரம்பிக்கிறது. அது அவனுடைய வயது என்று வேத பண்டிதர் அநேகர் சொல்லுகிறார்கள். எந்த வயதிலே அவனுடைய சீட் போனதோ, அந்த வயதிலே அவனுக்கு வானம் திறந்தது! அண்ணா யுனிவர்சிட்டியில் படிக்கிற பிள்ளைக்குத் தானியேலின் தேவன் போதும். உள்ளூர் அரசு கலைக்கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ படிக்கிற பிள்ளைக்கு எசேக்கியேலின் தேவன் போதும். இரண்டு பேரும் ஒரே தேவன்தான்.

3. ஏற்றுக்கொள், மேலே நோக்கு.

இப்போது கவுன்சிலிங்கிலே ஒரு இடம் ஒதுக்கினவுடனே பிள்ளையிடம் சம்மதம் கேட்கிறார்கள். அதிலே ஒன்று, "அக்செப்ட் அண்டு அப்வர்டு". கொடுத்ததை ஏற்றுக்கொள்கிறேன், எனக்கு மேலான விருப்பத்துக்காகவும் காத்திருக்கிறேன் என்று அர்த்தம். இதைவிட நல்ல பிரசங்கத் தலைப்பு வேண்டுமா! கிடைத்ததை ஸ்தோத்திரத்தோடே வாங்கு. கண்களை மேலே வை.

ஆனாலும் எல்லாவற்றையும் "தேவ சித்தம்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். உழைப்பும் விழிப்பும் வேண்டும். அரசுப் பள்ளியிலே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. குடும்பத்திலே முதல் பட்டதாரி என்றால் அதற்குச் சான்றிதழ் வாங்கினால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. கடைசி நாளிலே தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள். விருப்பப் பட்டியலை அவசரத்திலே போடாமல், விவரம் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு வரிசைப்படுத்துங்கள். "பணம் கொடுங்க, சீட்டு வாங்கித் தர்றேன்" என்கிற புரோக்கரிடம் நகையை அடகு வைத்துக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

ஊழியக்காரருக்கும் ஒரு வார்த்தை. "கர்த்தர் உனக்கு அந்தக் காலேஜைத் தந்துட்டார்" என்று ஆண்டவர் சொல்லாததைச் சொல்லாதீர்கள். சீட்டு வராமல்போனால் பிள்ளை மார்க்கை இழக்கிறது மாத்திரமல்ல, விசுவாசத்தையும் இழக்கிறது. சாட்சி நேரத்திலே சீட் கிடைத்தவர்களே எழுந்து நிற்கிறார்கள். கிடைக்காத பிள்ளை பின்வரிசையிலே தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறது. சபையே, அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்க் கையைப் பிடியுங்கள். யுஸ்துவுக்கும் சாட்சி உண்டு!

தகப்பன்மாரே, தாய்மாரே! "உன்னால எங்க மானமே போச்சு" என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம். மார்க்கைத் திரும்ப எழுதி வாங்கலாம், பிள்ளையைத் திரும்ப வாங்க முடியுமா? நம்முடைய நாட்டிலே ரிசல்ட் நாட்களிலும் நீட் நாட்களிலும் எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டோம். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, சாகவேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான், மறுபடியும் தூங்க விட்டான் (1 இராஜாக்கள் 19). நீங்களும் முதலாவது சாப்பாடு போடுங்கள், பக்கத்திலே உட்காருங்கள், தனியே விடாதிருங்கள். அறிவுரை அப்புறம் ஆகட்டும்.

மகனே, மகளே, உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு எண்ணம் வருகிறதா? அதை மூடி வைக்காதே. அம்மாவிடம் சொல்லு, டீச்சரிடம் சொல்லு, பாஸ்டர் வீட்டுக் கதவை நடுராத்திரியிலும் தட்டு. 104 என்ற அரசு எண்ணுக்குப் போன் போட்டால் பேசுவதற்கு ஆள் உண்டு. உதவி கேட்கிறது அவிசுவாசம் அல்ல.

சீட்டைப் போடுகிறவன் மனுஷன்; முடிவோ கர்த்தருடையது என்று நீதிமொழிகள் 16:33 போதிக்கிறது. அந்தக் கரத்திலே ஆணி பாய்ந்த தழும்பு உண்டு. உன் பேரை ரேங்க் லிஸ்டிலே தேடுவதற்கு முன்னே, அவர் உன்னைத் தமது உள்ளங்கையிலே வரைந்திருக்கிறார் (ஏசாயா 49:16).

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, ரேங்க் லிஸ்டுக்காகக் காத்திருக்கிற எங்கள் பிள்ளைகளை உம்முடைய கரத்திலே ஒப்புக்கொடுக்கிறோம். இடம் கிடைக்கிறவர்களுக்குத் தாழ்மையைத் தாரும். கிடைக்காதவர்களுக்கு மேல்வீட்டின் அக்கினியைத் தாரும். பெற்றோரின் நாவைக் காத்துக்கொள்ளும். ஒரு பிள்ளையும் கெட்டுப்போகாதபடி உம்முடைய செட்டைகளின் கீழே மறைத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்பு சகோதரன்