விட்டுக்கொடுப்பது அறமா?

மன்னார்குடிக்கு வடக்கே வலங்கைமானில் 1869-ல் பிறந்த மிதவாத அரசியல் தலைவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியைப் பணிந்துபோனவர் என்பார்கள். 1927-ல் இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையே, சாஸ்திரியும் பங்குகொண்ட பேச்சின் முடிவில், கேப்டவுன் உடன்பாடு வந்தது. இந்தியரைத் தனிப் பகுதிகளில் ஒதுக்கும் மசோதாவைத் தென்னாப்பிரிக்கா கைவிட்டது. ஈடாக, தாயகம் திரும்பும் வயதுவந்தவருக்குத் தலைக்கு 20 பவுண்டு தரும் திட்டத்தை இந்தியத் தரப்பு ஏற்றது. அந்நாட்டில் பிறந்தவரையும் காசு கொடுத்துக் கப்பலேற்றும் திட்டத்தை ஏற்றது அறமா என்ற கேள்வி நியாயமானது. அந்தப் பகுதி என்னையும் உறுத்துகிறது. ஆனாலும் விட்டுக்கொடுத்தலை எடைபோட வேண்டியது, அது எளியவர் கையில் எதை விட்டுச்சென்றது என்பதைக் கொண்டே. இந்திய அரசின் முதல் முகவராக அங்கே போன சாஸ்திரி, இந்தியச் சமூகத்திடமே நன்கொடை திரட்டினார். இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வாசல் பெரும்பாலும் அடைபட்டிருந்த டர்பனில் 1929-ல் சாஸ்திரி கல்லூரி திறந்தது.

ஒதுக்கல் சட்டங்கள் பிறகு வரத்தானே செய்தன என்று கேட்கலாம். வந்தன. ஆனால் அதற்குள் அந்தக் கல்லூரி ஒரு தலைமுறைக்குப் படிப்பைக் கொடுத்திருந்தது. சட்டத்தால் அதைத் திரும்பப் பிடுங்க முடியவில்லை. கோழைத்தனம் என்ற பழியும் பொருந்தாது. மக்கள் ஆரவாரம் முழுக்கக் காந்தி பக்கம் இருந்த 1920-ல், ஒத்துழையாமை தவறென்று, தன் நண்பரான காந்தியிடமே வெளிப்படையாகச் சொன்னவர் சாஸ்திரி. அதே காந்திதான் பின்னர் அவரைத் தென்னாப்பிரிக்கா போகச் சொல்லி வற்புறுத்தினார்.