மொகத்த விடு
நாகர்கோவிலில் பிறந்த தமிழிசை சௌந்தரராஜன் மகப்பேறு மருத்துவர். 2014 முதல் 2019 வரை தமிழக பா.ஜ.க. தலைவர். அவரை எதிர்க்க அரசியல் காரணங்கள் எவ்வளவோ இருக்கலாம். மீம் போட்டவர்கள் பிடித்துக்கொண்டதோ அவருடைய சுருட்டை முடியை, நிறத்தை, உயரத்தை. இது விமர்சனமே அல்ல, வெறும் கொடுமை.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் 95 இந்தியப் பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்ட ட்வீட்டுகளை மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி ஆராய்ந்தது. ஏறக்குறைய ஏழில் ஒன்று வசை, அல்லது புண்படுத்தும் பேச்சு. எந்தக் கட்சிப் பெண்ணும் தப்பவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தோற்றத்தைக் கேலி செய்யும் அப்படியொரு மீம் வந்தால், "மக்ளே, அவிய அரசியல ஏசு, மொகத்த விடு" என்று அங்கேயே சொல்லுங்கள். மிரட்டலோ ஆபாசமோ என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.