போரில் மாண்டவர் மறைசாட்சியா?

கொல்லச் சென்ற இடத்தில் கொலையுண்டவரை மறைசாட்சி என்று அழைக்கலாமா? பத்தாம் நூற்றாண்டில் கான்ஸ்தாந்திநோபிள் நகரில் இவ்வினாவை எழுப்பியவர் ஓர் இறையியலார் அல்லர். வாளோடு வாழ்ந்த ஒரு படைத்தலைவர்.

நிக்கெபோருஸ் போக்காஸ் கப்பதோக்கியா நாட்டு உயர்குடியினர். தந்தையும் பாட்டனாரும் படைத்தலைவர்களே. 961-இல் கிரேத்துத் தீவை மீட்டார்; 962-இல் அலெப்போ நகரை அவர் படைகள் சூறையாடின; 963-இல் பேரரசரானார். இத்தனைக்கும் அவர் உள்ளம் நாடியது துறவறத்தை! நண்பர் அத்தனாசியு ஆத்தோஸ் மலையில் பெருமடம் எழுப்பப் பொருள் ஈந்தார். தாமும் அங்கே துறவியாவதாக வாக்களித்திருந்தார். புலால் தவிர்த்தார், தரையில் தோல் விரித்து உறங்கினார்.

இத்தகைய மனிதர், போரில் உயிர்நீத்த தம் வீரர்களை மறைசாட்சியராகத் திருச்சபை வணங்க வேண்டும் என்று கேட்டார். முதுபெருந்தந்தை பொலியூக்துசும் ஆயர்களும் மறுத்தனர். அவர்கள் எடுத்துக்காட்டியது புனித பசிலியாரின் 13-ஆம் ஒழுங்கு. போரில் நிகழும் கொலையை முன்னோர் கொலைக்குற்றமாக எண்ணவில்லை. ஆயினும் கைகள் தூய்மையற்றவையாதலால், மூன்றாண்டுகள் நற்கருணை உட்கொள்ளாதிருப்பது நன்று என்பது அதன் சாரம். பசிலியாரும் கப்பதோக்கியரே.

பேரரசரின் விண்ணப்பத்தை வெறும் அரசியல் சூழ்ச்சி என்று தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. உடனிருந்தோர் மடிவதைப் பல்லாண்டுகள் கண்டவர், அச்சாவுகளுக்கு ஒரு பொருள் தேடியிருக்கலாம். மறுத்தவர்களின் நோக்கமும் முற்றிலும் மாசற்றது என்பதற்கில்லை. மடங்களுக்குப் புதிதாக நிலம் சேர்வதையும் தடுத்தவர் அவர்! எனினும் பசிலியாரின் சொல் தராசு முள்ளைப்போல் நிற்கிறது. போர்வீரரை அவர் கொலைகாரர் எனச் சபிக்கவுமில்லை. புனிதர் என முடிசூட்டவுமில்லை. நாட்டைக் காத்தல் கடமையாகலாம். ஆனால், எதிரே வீழ்ந்தவரும் இறைவனின் சாயல் அன்றோ? அந்த மூன்றாண்டுகளைத் தண்டனையாக நான் காணவில்லை. தம் கையால் ஒருவர் இறந்ததை மறவாதிருக்க அளிக்கப்பட்ட காலமாகவே கொள்கிறேன். மறைசாட்சியோ தம் இரத்தத்தை மட்டுமே சிந்துகிறார்.

969 திசம்பரில் ஓரிரவு, உடன்பிறந்தாளின் மகன் யோவான் சிமிஸ்கஸ் தம் கூட்டாளிகளோடு அரண்மனைக்குள் புகுந்தார். கட்டில் வெறுமையாய்க் கிடந்தது. பேரரசர் வழக்கம்போல் தரையில் உறங்கிக்கொண்டிருந்தார். அங்கேயே வெட்டுண்டார். முடிசூட வந்த மருமகனை அதே பொலியூக்துஸ் ஆலயத்தினுள் விடவில்லை. கொலையாளிகளின் பெயரைச் சொல், மனம் வருந்து என்றார். ஆயர் நியமனத்தில் தலையிட்ட போக்காசின் சட்டத்தை நீக்கவேண்டும் என்பதையும் அவர் கேட்க மறக்கவில்லை.