நீர் ஏந்தும் பாரம்

கோலகங்சாரில் 1877-இல் ஊன்றிய ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள், அதற்கு முன்பே பேராக் காடுகளில் வெட்டுப்பட்ட இன்னொரு பால்மரத்தை நினைப்பதில்லை. அது தாபான். நம்மவர்களின் உளிக்கும் மங்குக்கும் அது பால் தராது. மரத்தையே சாய்த்து, பட்டையை வளையம் வளையமாக வெட்டித்தான் எடுத்தார்கள். உறைந்த அந்தப் பால், கட்டாபெர்ச்சா, தந்திக் கம்பிக்கு உறையானது. கடல்நீரில் கெடாமல் மின்சாரத்தைக் காக்க அன்று அதற்கு ஈடாக வேறொன்று இல்லை. 1871-இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே செய்தி ஓடியது அந்த உறைக்குள்தான். நம் முன்னோர் கப்பலேறி வந்த அதே கடலின் அடியில்.

அந்தத் தந்திக் கேபிளைக் கப்பல் எப்படிக் கடலில் இறக்கியது என்பதில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. ஓடும் கப்பலின் பின்னால் அது தொய்ந்து வளைந்து தொங்கும் என்றே தோன்றும். ஆனால் கப்பல் ஒரே வேகத்தில் போனால் கேபிள் நேர்கோடாகச் சாய்ந்து இறங்கும். பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒவ்வொரு முழமும் தன் எடைக்கேற்ற மாறாத வேகத்தில் அமிழ்வதே காரணம். கப்பல் விரைந்தால் கோடு படுக்கிறது. நீருக்குள் இருக்கும் நீளம் ஆழத்தைப் போலப் பல மடங்காகிறது. பாரமும் பல மடங்காக வேண்டுமே? ஆவதில்லை. கப்பலின் மேல் விழுவது, நேர் கீழே தரைவரை தொங்கும் அளவு கேபிளுக்கு நீரில் உள்ள எடைதான். மிச்சத்தை, அந்தந்த முழத்தைத் தொட்டிருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏந்திக்கொள்கிறது. விரைந்து அமிழவிடாமல் தடுப்பதும் அதே நீர்தான். தடையும் தாங்கலும் அங்கே ஒரே விசை.

பிடித்து நிறுத்தினால்தான் ஆபத்து. 1857 ஆகஸ்டில் அட்லாண்டிக்கில் கேபிள் இறக்கிக்கொண்டிருந்த நயாகரா கப்பலின் பின்புறம் அலையில் எழும்பியபோது, கேபிளைப் பிடிக்கும் பிரேக் இறுகியிருந்தது. ஆழ்கடலில் கேபிள் அறுந்தது. இழுவை மிகுந்தால் தானே விட்டுக்கொடுக்கும் பிரேக்கை அடுத்த ஆண்டே செய்தார்கள்.

பாரம் ஓரிடத்தில் குவிந்தால் அறுக்கிறது. வழிநெடுகப் பகிர்ந்தால் எத்தனை நீளமும் நிற்கிறது. மலாயாவில் இதை நாம் கண்டிருக்கிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், ஒரு தோட்டத்தின் விலை எந்தத் தொழிலாளியாலும் எண்ணிப்பார்க்க முடியாதது. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது.