சம்மணம் போடலாமா, அக்கா?

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி முடிந்த கையோடு பிள்ளைகள் சீருடையிலேயே கோயில் மண்டபத்துக்குச் சமய வகுப்புக்கு வந்திருந்தார்கள். வழக்கம்போல பாய் விரித்து, "எல்லாரும் சம்மணம் போடுங்க, முதுகை நேரா வைங்க, கண்ணை மூடுங்க, ஓம் சொல்லப் போறோம்" என்றேன். பையன்கள் உட்கார்ந்தார்கள். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் பிள்ளையும் அப்படியே சம்மணம் போட்டாள். நீல பினாஃபோர் முழங்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது. என் வாய் தானாகத் திறந்தது: "கண்ணு, ஒழுங்கா உட்காரும்மா. காலைச் சேர்த்து ஒரு பக்கமா மடக்கிக்கோ."

மடக்கினாள். ஐந்து நிமிடத்தில் கால் மரத்துப்போய் நெளிய ஆரம்பித்தாள். அப்போதுதான் மற்ற பெண் பிள்ளைகளைக் கவனித்தேன். ஒருத்தி புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி பினாஃபோர் விளிம்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பையன்கள் கண்ணை மூடி ஓம் சொன்னார்கள். பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் கண்ணை மூடவே இல்லை. உடையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே, எப்படி மூடுவது?

முடிந்ததும் அந்தச் சின்னவள் என்னிடம் வந்து கேட்டாள்: "அக்கா, நீங்கதானே சம்மணம் போடச் சொன்னீங்க?"

குறும்பாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது நான் சொன்ன 'ஒழுங்கா' என்ற அந்த ஒரு சொல் மனதை அரித்தது. அவள் செய்ததில் என்ன ஒழுங்கீனம்? நான் சொன்னதைத்தான் செய்தாள். குறை இருந்தால் துணியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பார்க்கிற கண்ணில் இருக்க வேண்டும். நான் திருத்தியதோ அவளை.

நம் நாட்டுப் பெண் பிள்ளைகள் ஆரம்பப்பள்ளி முதல் பினாஃபோர் அல்லது பாஜு கூரோங் போட்டு வளர்கிறவர்கள். நானும் அப்படித்தான். பினாஃபோர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தைகள் நல்ல உடை அழுக்காகாமல் இருக்க மேலே பின் குத்திப் போட்டுக்கொண்ட ஏப்ரன்தான் அது. பிள்ளை ஓடட்டும், மண்ணில் புரளட்டும், உடை கெடாது என்பதற்காக வந்த துணி, இன்றைக்குப் பிள்ளை ஓடினால் "பார்த்து ஓடு, பாவாடை பறக்குது" என்று சொல்ல வைக்கிறது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அம்மாக்கள் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். பினாஃபோருக்கு உள்ளே ஒரு குட்டைக் காற்சட்டை போட்டுத்தான் பிள்ளையை அனுப்புகிறோம். என் அம்மாவும் போட்டுவிட்டார். அதாவது, இந்த உடை ஓடுவதற்கும் ஏறுவதற்கும் தரையில் உட்காருவதற்கும் ஆகாது என்று நமக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. விதியைக் கேள்வி கேட்காமல், விதிக்கு அடியில் இன்னொரு உடையை ஒளித்துவைத்தோம். நம் வெயிலில், இரண்டு அடுக்குத் துணியில், ஏழு வயதுப் பிள்ளை வியர்த்துக் கொட்டுகிறது.

இப்போது கல்வியமைச்சு வாரத்தில் இரண்டு நாள் பள்ளிச் சீருடை, இரண்டு நாள் விளையாட்டு உடை, ஒரு நாள் புறப்பாடச் சீருடை என்று மாற்றிவிட்டது. 2024 தவணையிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அதே பெண் பிள்ளை, அதே பள்ளி, அதே வகுப்பறை. விளையாட்டு உடை நாளில் ட்ராக் பாட்டம் போட்டுக் கணக்குப் படிக்கிறாள், சபைகூடலில் தரையில் சம்மணம் போடுகிறாள். யாருடைய பண்பாடும் கெடவில்லை, கட்டொழுங்கு ஆசிரியரும் மயங்கி விழவில்லை. அப்படியானால் மற்ற நாள்களில் மட்டும் முழுக்கால்சட்டை ஏன் பெண்ணுக்கு ஆகாத உடையாக இருக்க வேண்டும்? "அது அப்படித்தான்" என்பதைத் தவிர வேறு காரணம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெள்ளைக் காலணியும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். 2018-இல் அமைச்சர் கறுப்புக்கு மாற்றுவதாக அறிவித்தார், 2021-க்குள் நாடே மாறிவிட்டது. சுண்ணாம்பு பூசிய ஞாயிற்றுக்கிழமைகளுக்காக யாரும் அழவில்லை.

காரணம் சொன்னவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில் ஒரு பள்ளி. அரசுப் பணத்தில் நடந்தாலும் தனியார் நிர்வாகம். அங்கே பெண் பிள்ளைகள் பாவாடைதான் அணிய வேண்டும் என்று விதி. 2016-இல் மூன்று மாணவிகள் பெற்றோர் துணையோடு வழக்குப் போட்டார்கள். ஒருத்தி மழலையர் வகுப்பு, ஒருத்தி நான்காம் வகுப்பு, ஒருத்தி எட்டாம் வகுப்பு. அவர்கள் சொன்னதைப் படித்தபோது எனக்கு நம் கோயில் மண்டபம்தான் ஞாபகம் வந்தது. தரையில் உட்காரும்போது காலை எப்படி வைப்பது என்ற கவலை. ஊஞ்சலில் ஆட முடியவில்லை. கையை ஊன்றிக் கரணம் போட முடியவில்லை. குளிர்காலத்தில் கால் விறைக்கிறது. எங்கேயோ இருக்கிற அந்தப் பிள்ளைக்கும் "காலை மடக்கு" என்று சொல்ல ஒரு டீச்சர் இருந்திருக்கிறார்.

அந்தப் பள்ளியை நிறுவியவர் ஒளிவுமறைவு இல்லாமல் காரணத்தைச் சொன்னார். பெண் என்பவள் எளிதில் உடைகிற பாத்திரம். ஆண்கள் அவளைப் பேணி மரியாதை செய்ய வேண்டும். அந்த மரியாதையைப் பழக்கத்தான் இந்த விதி என்றார். பல வருடம் இழுத்த வழக்கில் 2022 ஜூன் மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, இந்த விதி சம உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அந்தப் பள்ளியின் மனுவை எடுத்துக்கொள்ளவில்லை.

'உடைகிற பாத்திரம்' என்பதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் நம் வீட்டில் பாட்டிகள் சொல்கிற முள்ளும் சேலையும் கதை இதற்கு அக்கா தங்கைதானே? முள் சேலையில் விழுந்தாலும் சேலை முள்ளில் விழுந்தாலும் சேதம் சேலைக்கு என்பார்கள். அதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. கவலையும் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காப்பாற்றுகிறோம் என்று சொல்கிற இந்த விதிகளில் கட்டுப்படுவது எப்போதும் காப்பாற்றப்படுகிறவள்தான். முள்ளுக்கு யாரும் விதி போடுவதில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் பையன்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. அவர்கள் பாவம், கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். யாருமே பார்க்காத ஒன்றைப் பார்த்தது நான்தான்.

2017-இல் புத்ராஜெயாவில் நடந்த ஒரு சதுரங்கப் போட்டி ஞாபகம் இருக்கலாம். 12 வயதுச் சிறுமி முழங்கால் வரை வரும் கவுன் போட்டுப் போனாள். அது கிளர்ச்சியூட்டும் உடை என்று ஏற்பாட்டாளர் தரப்பில் சொல்லப்பட்டதாக அவளுடைய பயிற்சியாளர் வெளியிட்டார். அவள் போட்டியிலிருந்தே விலகினாள். செய்தி உலகம் பூராவும் போனது. சதுரங்கம் ஆட வந்த பிள்ளை, தன் உடம்பை ஒரு பெரிய ஆள் எந்தக் கோணத்தில் பார்க்கிறார் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டு வீடு திரும்பினாள். சரி, உடம்பை மூடினால் பிரச்சினை தீருமா? 2008-இல் ஒரு மாணவர் அமைப்பு, பாஜு கூரோங்கின் வெள்ளை மேல்சட்டையே உள்ளாடை தெரியும் அளவுக்கு மெல்லியது, தப்பு நடக்கத் தூண்டுகிறது என்று அறிக்கை விட்டது. கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய உடைக்கே அந்தக் கதி. துணியின் நீளத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்வையைக் குறைக்க முடியாது.

இங்கே ஒரு கேள்வி வரும், எங்கள் கூட்டத்திலும் வந்தது: "அப்போ நாணம் வேண்டாமா? அது நம் பண்பாடு இல்லையா?" நல்ல கேள்வி. நாணம் வேண்டும். ஆனால் எதற்கு? வள்ளுவர் 'நாணுடைமை' என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார், 102-ஆம் அதிகாரம். முதல் குறளிலேயே, தகாத செயல் செய்வதற்குக் கூசுவதுதான் நாணம், பெண்களின் வெட்கம் என்பது வேறு என்று பிரித்துவிடுகிறார். ஆண் பெண் எல்லாருக்கும் உரிய குணமாகத்தான் அதை வைத்தார். பொய் சொல்லக் கூசுவது நாணம். உண்டியல் கணக்கை மறைக்கக் கூசுவது நாணம். ஏழு வயதுப் பிள்ளை தரையில் உட்காருவது எந்தத் தகாத செயலில் சேரும்? அவளுக்கு நாம் கொடுத்தது நாணம் இல்லை, வெறும் கூச்சம். ஒரு குணம் என்றால் அது தானாகத் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். காரணம் புரியாமல் காலை மடக்கி வைத்திருப்பது கால் வலி மட்டும்தான்.

சமய வகுப்பில் காரைக்கால் அம்மையார் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மாம்பழம் வரைக்கும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதற்கப்புறம் நடப்பதை வேகமாகக் கடந்துவிடுவேன், பேய் வடிவம் என்றால் சின்னதுகள் பயப்படும் என்று. கணவன் விலகிப்போன பின், அவனுக்காகத் தாங்கிய இந்த அழகு இனி எதற்கு என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கியவர் அம்மையார். பார்த்தவர்கள் பயந்து ஓடினார்கள். அவர் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. கயிலைக்குக் காலால் நடக்காமல் தலையால் நடந்து போனார். சிவபெருமான் "உடையைச் சரி செய்துகொண்டு வா" என்று சொன்னாரா? "அம்மையே" என்று அழைத்தார். கோயிலில் அறுபத்து மூவர் வரிசையைப் போய்ப் பாருங்கள். மற்றவர்கள் நிற்க, அம்மையார் உட்கார்ந்திருப்பார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் கையில் தாளத்தோடு, காலை அவர் இஷ்டத்துக்கு மடக்கிக்கொண்டு பாடுகிறார். இந்த வரிசையின் முன்னால் பாய் விரித்துத்தான் நான் ஒரு குழந்தையை 'ஒழுங்கா' உட்காரச் சொன்னேன்.

நான் சீருடையே வேண்டாம் என்கிற கட்சி இல்லை. டாக்டர் மகளும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே துணியில் வருவது நல்லதுதான். பெண் பிள்ளைகள் எல்லாரும் கால்சட்டைக்கு மாறியே தீர வேண்டும் என்றும் சொல்லவில்லை. கேரளாவில் வளையன்சிரங்கரை என்ற ஊரில் ஓர் அரசு ஆரம்பப்பள்ளி, ஆண் பெண் இரு பாலாருக்கும் ஒரே மாதிரி சட்டையும் முக்கால் கால்சட்டையும் கொண்டுவந்தது. 2021-இல் அது பெரிய செய்தியானது. நல்ல முயற்சி. ஆனாலும் பொது உடை என்றதும் ஏன் எப்போதும் ஆணுடைய உடையே பொதுவாகிறது என்று கேட்டவர்களின் கேள்வியிலும் நியாயம் உண்டு. பினாஃபோர் பிடித்த பிள்ளை அதையே போடட்டும். என் தங்கைக்கு அது உயிர். முழுக்கால்சட்டையும் பட்டியலில் இருக்கட்டும், போட்டு வந்தால் கட்டொழுங்கு ஆசிரியர் அறைக்கு அனுப்பாமல் இருக்கட்டும். கேட்பது அவ்வளவுதான். இதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்கலாம். ஆண்டுக் கூட்டத்துக்கு வந்து நாசி லெமாக் பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற நாம் யாரும் கேட்பதில்லை.

பள்ளியைச் சொல்வதற்கு முன் நம் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பதால் ஒன்று செய்தேன். எங்கள் சமய வகுப்புப் பதிவுப் பாரத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: ஆண்கள், நேர்த்தியான உடை, பெண்கள், பாவாடை அல்லது பஞ்சாபி உடை, உடலை நன்கு மறைக்கும்படி. இதை எழுதியது யார் என்று தேடினால், நான்கு வருடத்துக்கு முன் தட்டச்சு செய்தது நானேதான். பழைய பாரத்தைப் பார்த்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன், யோசிக்கவே இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டு 'அனைவரும்: தரையில் வசதியாக உட்காரக்கூடிய, சுத்தமான உடை' என்று மாற்றலாம் என்று செயற்குழுவில் வைத்தேன். இளைஞர்கள் சரி என்றார்கள். வயதில் மூத்த ஓர் அண்ணன், இருபது வருடமாகச் சொந்தப் பணத்தைப் போட்டு இந்த வகுப்பை நடத்துகிறவர், கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னிக்கு பாவாடை வேணாம்பீங்க, நாளைக்கு பொட்டு வேணாம்பீங்க" என்றார். அவருடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறுபான்மையாக வாழ்கிற நமக்கு ஒவ்வொன்றாக நழுவிப்போகுமோ என்ற கலக்கம் எப்போதும் இருக்கிறது. அந்தக் கலக்கத்தின் பாரத்தைப் பெண் பிள்ளைகளின் உடையில் கட்டித் தொங்கவிடுவது சுலபமாகவும் இருக்கிறது. பையன்கள் வேட்டி கட்டாமல் ஜீன்ஸில் வந்தபோது பண்பாடு போய்விட்டது என்று இதே பாரத்தில் யாரும் ஒரு வரி சேர்க்கவில்லையே என்று கேட்டேன். அண்ணன் பேசவில்லை. கோபமா, யோசனையா என்று இன்னும் தெரியவில்லை.

வரி மாறிவிட்டது. சிவராத்திரி நிகழ்ச்சிக்கு என்ன உடை என்பது இன்னும் இழுபறியில் இருக்கிறது. அதில் எனக்கே பட்டுப்பாவாடை ஆசை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பெண் பிள்ளைகள் ட்ராக் பாட்டம் கொண்டுவந்து மாற்றிக்கொள்கிறார்கள். அந்தச் சின்னவள் இப்போது மூன்றாம் ஆண்டு. போன வாரம் ஓம் சொல்லும்போது கண்ணை மூடியவள், முடிந்த பிறகும் திறக்கவில்லை. தியானம் என்று நினைத்துப் பூரித்துப் போய்க் கிட்டே போய்ப் பார்த்தேன். தூங்கியிருந்தாள், சம்மணம் கலையாமல்.